ஆலை வாசலைக் கடந்த பிறகு: மேற்குப் புறநகர் முதியோரும் மருத்துவக் காப்பும்

சென்னையின் மேற்குப் புறநகரில் முதுமை என்பது பெரும்பாலும் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களின் முதுமையாகும். 1950களில் அம்பத்தூரில் உற்பத்தியைத் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ், 1961இல் ஆவடியில் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலை, 1960களில் உருவாகி தெற்காசியாவின் பெரிய சிறுதொழில் பேட்டைகளுள் ஒன்றாக வளர்ந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை ஆகியவற்றை நம்பியே இப்பகுதியின் நகர்களும் மனைப்பிரிவுகளும் எழுந்தன. 1970களில் இருபது வயது இளைஞர்களாக லேத் பட்டறைகளிலும் பிரஸ் ஷாப்புகளிலும் வேலைக்குச் சேர்ந்தவர்கள் இன்று எழுபதை நெருங்கியோ கடந்தோ இருக்கின்றனர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 10.4 விழுக்காட்டினர் அறுபது வயதைக் கடந்தவர்கள். அதே ஆண்டில் இந்திய அளவில் அந்த விகிதம் 8.6 விழுக்காடாகவே இருந்தது.

இத்தலைமுறைக்குரிய சிக்கல் ஒன்று உண்டு. பணியிலிருந்த காலம் முழுவதும் அவர்களுடைய மருத்துவ வசதி ஆலை வாசலோடு பிணைக்கப்பட்டிருந்தது. அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்த நாளில் மருத்துவக் காப்பும் முடிந்துவிட்டது என்றே பலரும் நம்பிவிடுகின்றனர். அந்த நம்பிக்கை பல நேரங்களில் தவறானது. எந்தச் சுற்றுச்சுவருக்குள் வேலை செய்தார், எந்த வட்டத்தில் வசிக்கிறார், எத்தனை வயதாகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்தால், ஒரு முதியவருக்கு ஏற்கெனவே உரிய காப்பு எது என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும். காப்பீட்டு முகவரின் பேச்சைக் கேட்டுப் புதிய பாலிசி வாங்குவதற்கு முன்பாக, உரியதைக் கேட்டுப் பெறுவதே முதற்பணியாக இருக்க வேண்டும்.

இவற்றுள் அதிகம் அறியப்படாததும் அம்பத்தூருக்கு மிகவும் பொருந்துவதும் இஎஸ்ஐ எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் ஓய்வுபெற்றோருக்கு அளிக்கும் உரிமையாகும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த இத்திட்டத்தில், மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை பெறும் தொழிலாளியின் ஊதியத்திலிருந்து 0.75 விழுக்காடும், முதலாளியின் பங்காக 3.25 விழுக்காடும் சந்தாவாகச் செலுத்தப்படுகின்றன. பணிக்காலச் சந்தாவைப் பற்றி அறிந்திருக்கும் தொழிலாளர்களுள் பலர், இஎஸ்ஐ மத்திய விதிகளின் 61ஆம் விதியைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. குறைந்தது ஐந்தாண்டுகள் காப்பீடு பெற்றிருந்து, ஓய்வு வயதை எட்டியோ, விருப்ப ஓய்விலோ, முன்கூட்டிய ஓய்விலோ வெளியேறிய ஒருவர், மாதம் 10 ரூபாய் வீதம் ஓராண்டுக்கு 120 ரூபாயை மொத்தமாகச் செலுத்தினால், அவரும் அவருடைய வாழ்க்கைத் துணையும் இஎஸ்ஐ மருந்தகங்களிலும் மருத்துவமனைகளிலும் சிகிச்சை பெறலாம் என்பதே அவ்விதியின் சாரம். தொழிலாளர் வைப்புநிதியின் ஓய்வூதியத் திட்டத்தில் 2014 முதல் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாயாக இருந்துவரும் நிலையில், அந்த ஓய்வூதியத்தை மட்டுமே நம்பியுள்ள ஒரு தம்பதிக்குத் தனியார் காப்பீட்டின் பிரீமியம் எட்டாத தொலைவில் இருக்க, ஆண்டுக்கு 120 ரூபாய் என்பது எட்டும் தொகையாகும்.

இந்த உரிமையைப் பெறுவதில் தடையாவது பணமன்று, ஆவணமே. காப்பீட்டு எண், ஓய்வு பெற்றதற்கு முதலாளி அளிக்கும் சான்று, ஆதார், வாழ்க்கைத் துணையின் விவரம் ஆகியவற்றோடு இஎஸ்ஐ கிளை அலுவலகத்தை அணுக வேண்டும். தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளியாக ஒரு பட்டறையிலிருந்து இன்னொன்றுக்கு மாறியவர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட காப்பீட்டு எண்கள் வழங்கப்பட்டிருப்பது உண்டு. அவற்றை ஒன்றிணைக்காவிட்டால் ஐந்தாண்டுக் கணக்கு நிறைவேறாததுபோல் தோன்றும். கணக்குத் தீர்த்துத் தருகையில் கையெழுத்து வாங்கும் நிறுவனம், பணி ஓய்வு என்ற சொல்லைத் தெளிவாகக் குறிப்பிட்டுச் சான்று தருகிறதா என்பதைத் தொழிலாளியோ அவர் பிள்ளைகளோ அப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். வேலையை விட்டு நின்றார் என்று மட்டும் எழுதப்பட்ட தாளை வைத்துக்கொண்டு பின்னர் ஓய்வை மெய்ப்பிப்பது கடினம். ஊதியம் உயர்ந்து வரம்பைத் தாண்டியதால் இஎஸ்ஐயிலிருந்து வெளியேற்றப்பட்டு, அதன் பிறகு ஓய்வு பெற்றவர்கள் நெடுங்காலம் இந்த வசதிக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தனர். 2024 பிப்ரவரியில் இஎஸ்ஐ கழகம் அவர்களுக்கும் நிபந்தனைகளோடு கதவைத் திறந்தது: 2012 ஏப்ரல் 1க்குப் பின்னர்க் குறைந்தது ஐந்தாண்டுகள் காப்பீட்டில் இருந்து, 2017 ஏப்ரல் 1க்குப் பின்னர் 30,000 ரூபாய்க்கு மிகாத மாத ஊதியத்தில் ஓய்வு பெற்றவர்களை அம்முடிவு உள்ளடக்கியது. சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்திருப்பதால், படிவமும் தொகையும் மாறியுள்ளனவா என்பதைக் கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது முறையாகும். அயனாவரம் இஎஸ்ஐ மருத்துவமனையிலிருந்தோ கே.கே. நகர் இஎஸ்ஐசி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்தோ வெளி மருத்துவமனைக்குப் பரிந்துரைக்கப்படும் உயர்சிறப்புச் சிகிச்சை எந்த அளவுக்குத் தமக்குப் பொருந்தும் என்பதையும் பதிவின்போதே கேட்டு எழுதிவைத்துக்கொள்வது நல்லது.

ஆவடியின் நிலை வேறு. கனரக வாகனத் தொழிற்சாலையிலும் படைத்துறை உடைத் தொழிற்சாலையிலும் மத்திய அரசு ஊழியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களுக்கு மத்திய அரசு சுகாதாரத் திட்டமும், முன்னாள் படைவீரர்களுக்கு 2003இல் தொடங்கிய அவர்களுக்கான பங்களிப்பு மருத்துவத் திட்டமும், ஐசிஎஃப் எனப்படும் இரயில்பெட்டித் தொழிற்சாலை உள்ளிட்ட இரயில்வேயின் ஓய்வூதியர்களுக்குப் பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையை மையமாகக் கொண்ட வசதியும் இருக்கின்றன. மாநில அரசு ஓய்வூதியர்களுக்கு 2022 ஜூலை முதல் நடைமுறையிலிருக்கும் காப்பீட்டுத் திட்டத்திற்காக மாதம் 497 ரூபாய் பிடிக்கப்பட்டு வந்துள்ளது. பிடித்தம் நடந்துகொண்டிருப்பதை அறியாமலேயே மருத்துவமனையில் ரொக்கம் கட்டிவிட்டு வருபவர்கள் உண்டாதலால், ஓய்வூதியச் சீட்டை ஒருமுறை வரிவரியாகப் படிப்பது பயன் தரும்.

எந்த வாசலுக்குள்ளும் நிரந்தரமாக இருந்திராதவர்களே எண்ணிக்கையில் அதிகம். வீட்டிலிருந்தபடியே ஆயத்த ஆடை தைத்துக் கொடுத்த பெண்களுக்கும், கட்டட வேலை செய்தவர்களுக்கும், பூந்தமல்லிச் சந்தையில் மூட்டை தூக்கியவர்களுக்கும் முதன்மையான காப்பு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமே. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் இப்பெயரில் மாற்றியமைக்கப்பட்ட இத்திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, பட்டியலிடப்பட்ட சிகிச்சைகளுக்கு, அரசு மருத்துவமனைகளிலும் அங்கீகரிக்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமின்றி வழிசெய்கிறது. எங்கே விண்ணப்பிப்பது என்பதில்தான் இப்பகுதியினர் அலைய நேர்கிறது. 2018இல் சென்னை மாவட்டம் விரிவாக்கப்பட்டபோது அம்பத்தூர் வட்டம் சென்னையோடு சேர்ந்தது. ஆவடி வட்டமும் பூந்தமல்லி வட்டமும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கின்றன. ஆகவே அம்பத்தூர்வாசி இராஜாஜி சாலையிலுள்ள சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திற்கும், ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வசிப்பவர் திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்திற்கும் செல்ல வேண்டும். ஒரே சாலையின் இரு முனைகளில் வசிக்கும் அண்ணனுக்கும் தம்பிக்கும் அலுவலகம் வேறாகலாம். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகிய மூன்றும் கையில் இருந்தால் மறுபடி ஒரு பயணம் தேவைப்படாது.

குடும்ப அட்டையைப் பற்றி இங்கே அழுத்திச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. இத்திட்டத்தில் குடும்பம் என்பது அந்த அட்டையில் பெயர் இருப்பவர்களைக் கொண்டே அறியப்படுகிறது. கணவர் இறந்த பின்னர்த் தாயை ஊரிலிருந்து அழைத்து வந்து தம்மோடு வைத்துக்கொள்ளும் பிள்ளைகள், பழைய அட்டையிலிருந்து பெயரை நீக்கிவிட்டுப் புதிய அட்டையில் சேர்க்காமல் மாதக்கணக்கில் விட்டுவிடுவதுண்டு. அந்த இடைவெளியில் மாரடைப்போ இடுப்பெலும்பு முறிவோ நேர்ந்தால் அந்த அம்மாவுக்கு எந்தக் குடும்பமும் இல்லை என்றாகிவிடுகிறது. நீக்கலும் சேர்த்தலும் அடுத்தடுத்து முடிக்கப்பட வேண்டியவை.

எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு வருமான வரம்பே இல்லாத இன்னொரு வழியும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. 2024 அக்டோபர் 29 அன்று ஆயுஷ்மான் பாரத் திட்டம் எழுபதும் அதற்கு மேலும் வயதான அனைவருக்கும் விரிவாக்கப்பட்டு, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் காப்பு உறுதியளிக்கப்பட்டது. தனியார் பாலிசியோ இஎஸ்ஐ வசதியோ வைத்திருப்பவர்களும் இதற்குத் தகுதியுடையோர். மத்திய அரசு சுகாதாரத் திட்டம், முன்னாள் படைவீரர் திட்டம் போன்றவற்றில் இருப்போர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வயதுக்குச் சான்றாக ஆதார் கொள்ளப்படுவதால், அதில் பிறந்த தேதி பிழையாகப் பதிந்திருப்போர் முதலில் அதைத் திருத்திக்கொண்டு, அட்டை பெறும் நடைமுறையை ஆட்சியர் அலுவலகக் காப்பீட்டுப் பிரிவில் கேட்டறிய வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பின்னரே தனியார் காப்பீட்டைப் பற்றிய பேச்சு வர வேண்டும். வசதியுள்ள குடும்பங்களுக்கு அது தேவையற்றது என்று கூற முடியாது. சென்ற சில ஆண்டுகளில் விதிகள் முதியோருக்குச் சாதகமாகவே திருந்தியுள்ளன. 65 வயதுக்கு மேல் புதிய பாலிசி இல்லை என்று நிறுவனங்கள் ஒதுக்கிவந்த நிலை 2024 ஏப்ரலில் மாற்றப்பட்டது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம், அதாவது பாலிசி எடுத்த பின்னர் அந்நோய்க்கு இழப்பீடு கிடைக்காத காலம், அதிகபட்சம் 48 மாதங்களிலிருந்து 36 மாதங்களாகக் குறைந்தது. ஐந்தாண்டுகள் இடைவிடாமல் பிரீமியம் கட்டியவரின் கோரிக்கையை, மோசடி மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, தகவலை மறைத்தார் என்று காரணம் காட்டி நிராகரிக்கலாகாது என்பதும் விதியாயிற்று. அறுபது வயதைக் கடந்தோரின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்த வேண்டுமெனில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தை முன்கூட்டியே கலந்தாக வேண்டும் என்று 2025 ஜனவரியில் ஆணை வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தின் மீதிருந்த 18 விழுக்காடு ஜிஎஸ்டி முற்றிலுமாக நீக்கப்பட்டிருக்கிறது.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் காப்புத் தொகையைவிடப் பாலிசியின் உள்ளே இருக்கும் இரண்டு நிபந்தனைகள் முக்கியமானவை. முதலாவது இணைச்செலுத்தல். ஒவ்வொரு கோரிக்கையிலும் குறிப்பிட்ட விழுக்காட்டை நோயாளியே ஏற்க வேண்டும் என்ற இந்நிபந்தனை முதியோருக்கான பாலிசிகளில் பரவலாகக் காணப்படுகிறது. இரண்டாவது அறை வாடகை வரம்பு. வரம்பை மீறிய அறையில் தங்கினால் வாடகையின் கூடுதல் தொகையோடு நிற்காமல், அறுவை மருத்துவர் கட்டணம் போன்ற தொடர்புடைய செலவுகளும் அதே விகிதத்தில் வெட்டப்படும். 5 லட்சம் ரூபாய் பாலிசியில் நாள் வாடகை வரம்பு 5,000 ரூபாயாக இருக்க, ஒருவர் 8,000 ரூபாய் அறையை எடுத்துக்கொள்கிறார் என்றும், இவ்வாறு வெட்டுக்கு உட்படும் செலவு 2 லட்சம் ரூபாய் என்றும் கொண்டால், எட்டில் ஐந்து பங்கான 1,25,000 ரூபாயே ஏற்கப்படும். அதன்மீது 20 விழுக்காடு இணைச்செலுத்தலும் கழிந்தால் நிறுவனம் தருவது 1 லட்சம் ரூபாய். மருத்துவமனையின் சேர்க்கைப் பிரிவில் தந்தைக்கு நல்ல அறையாகக் கொடுங்கள் என்று மகன் அன்போடு சொல்லும் ஒரு சொல்லின் விலை இது. எந்த அறை வரம்புக்குள் வருகிறது என்று கேட்டுவிட்டுப் படிவத்தில் கையெழுத்திடுவதே சரியான வழி.

சர்க்கரை நோயையும் இரத்த அழுத்தத்தையும் விண்ணப்பத்தில் குறிப்பிட வேண்டாம், பிரீமியம் ஏறிவிடும் என்று அறிவுரை கூறும் முகவரை அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். மறைத்தது பின்னர் வெளிப்படும்போது அந்த முகவர் உடன் வரமாட்டார். நிராகரிப்புக் கடிதம் முதியவரின் முகவரிக்கே வரும். நியாயமற்ற முறையில் கோரிக்கை மறுக்கப்பட்டால், முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதி, 30 நாட்களில் தீர்வு கிடைக்காவிட்டாலோ பதில் நிறைவளிக்காவிட்டாலோ ஓராண்டுக்குள் காப்பீட்டு நடுவரிடம் முறையிடலாம். நடுவர் அலுவலகம் சென்னைத் தேனாம்பேட்டையில் அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரையிலான பிணக்குகளை அங்கே விசாரிக்கின்றனர்.

காப்பீடு மருத்துவமனைப் படுக்கைக்கான செலவை ஏற்குமேயன்றி, அங்கே கொண்டுசேர்க்கும் வீழ்ச்சியைத் தடுப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்ததனாலேயே இறக்கின்றனர், அவர்களுள் அறுபதைக் கடந்தவர்களே அதிகம். வழுக்கும் குளியலறைத் தரை, இரவில் கழிப்பறைக்குச் செல்லும் வழியில் விளக்கின்மை, வாசலில் மழைநீர் ஏறாமலிருக்கச் சாலை மட்டத்துக்கு மேல் உயர்த்திக் கட்டிய செங்குத்தான படிகள் ஆகியவை இப்பகுதி வீடுகளில் வழக்கமான காரணங்கள். கைப்பிடி ஒன்றைச் சுவரில் பொருத்துவது சில நூறு ரூபாய்ச் செலவாகும் வேலை. இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுவோர் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் அழுத்தம் இறங்கித் தலைசுற்றும். ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுவதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். தூக்க மாத்திரையும் வீழ்ச்சிக்குத் துணைபோவது. மூட்டு வலிக்கெனக் கடையில் தாமாகவே வாங்கி விழுங்கும் வலிநிவாரணிகள் சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்தைச் சேதப்படுத்தக்கூடியவை. கண்புரை வீழ்ச்சிக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. அரசு மருத்துவமனைகளில் கண்புரை அறுவை கட்டணமின்றிச் செய்யப்படுவதோடு, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நூம்பலில் 2017 முதல் அரவிந்த் கண் மருத்துவமனையும் இயங்கிவருகிறது.

தொழிற்பேட்டைக்கே உரிய மற்றொரு குறைபாடு செவித்திறன் இழப்பாகும். பிரஸ் எந்திரங்களின் இரைச்சலில் முப்பது ஆண்டுகள் நின்றவர்களுக்குக் காது மங்குவது வயதினால் மட்டும் வருவதன்று. இரைச்சலால் ஏற்படும் செவிக்குறைபாடு இஎஸ்ஐ சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலிலேயே இடம்பெற்றிருந்தது. அம்பத்தூரிலும் பட்டரவாக்கத்திலும் அண்ணனூரிலும் தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பவருக்கு மின்தொடர் வண்டியின் ஒலி கேட்காமற்போவது உயிரோடு தொடர்புடைய செய்தி. காலத்தில் காதைச் சோதித்துக்கொள்வதும், படி ஏற வலித்தாலும் மேம்பாலத்தையோ சுரங்கப்பாதையையோ நாடுவதும் தவிர வேறு வழியில்லை. பாடியிலிருந்து ஆவடி வழியே செல்லும் திருத்தணி நெடுஞ்சாலையில் விபத்து நேர்ந்தால், 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48 திட்டத்தின்கீழ் முதல் 48 மணிநேரச் சிகிச்சை, காப்பீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கும். வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கப்படும் பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் 2 லட்சம் ரூபாய் காப்பு உண்டு, ஆனால் எழுபது வயது வரைதான்.

நாட்பட்ட நோய்களின் மாதாந்தர மருந்துச் செலவை முதலமைச்சரின் திட்டமும் தனியார் பாலிசிகளும் பொதுவாக ஏற்பதில்லை. அதற்கு விடையாகவே 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகின்றனர். படுத்த படுக்கையாக இருப்போருக்கு இயன்முறைச் சிகிச்சையும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் அதில் அடங்கும். பல மருந்துகளைப் பல மருத்துவர்களிடம் பெற்றுக் குழம்பியிருக்கும் முதியவருக்கு, அனைத்தையும் ஒருசேரப் பார்க்கும் முதியோர் நல மருத்துவரே தேவைப்படுவார். மருத்துவர் வி.எஸ். நடராஜனின் முயற்சியால் 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் தொடங்கிய இந்தத் துறைக்கு, 2024 பிப்ரவரியில் கிண்டி கிங் நிலைய வளாகத்தில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் திறக்கப்பட்டுள்ளது.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி, பட்டாபிராம் பகுதிகளில் தண்ணீர் புகுந்து மின்சாரம் நின்றதை இப்பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். ஐப்பசி பிறக்கும் முன்பே இரண்டு வார மருந்தும், மருந்துச் சீட்டின் நகலும், காப்பீட்டு அட்டைகளும் நீர்புகா உறையில் மாடியிலோ உயரத்திலோ இருக்க வேண்டும். மின்சாரம் இல்லாத நாட்களில் இன்சுலினைப் பனிக்கட்டியோடு நேரடியாக ஒட்டி வைக்கலாகாது, உறைந்துபோன இன்சுலின் பயனற்றது. ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் வைப்பது நலம். தேங்கிய நீரில் வெறுங்காலோடு நடந்த சர்க்கரை நோயாளிக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருப்பின் காயமே தெரியாது, எலிக்காய்ச்சலும் அந்நீரின் வழியாகவே பரவும்.

பாலிசிக்குப் போனஸ் வந்திருக்கிறது, ஓடிபி சொல்லுங்கள் என்று வரும் தொலைபேசி அழைப்புகளுக்கு இலக்காவோரில் முதியோரே மிகுதி. பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவிப்பதே மீட்பதற்குள்ள வாய்ப்பு. துன்புறுத்தலோ கைவிடலோ நேர்ந்தால் 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது. வீட்டைப் பிள்ளைகளுக்குச் செட்டில்மென்ட் எழுதும் பெற்றோர், தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையை அப்பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும்; 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, அந்நிபந்தனை மீறப்பட்டால், அவ்வாறு எழுதப்பட்ட பத்திரத்தை ரத்து செய்ய இடமளிக்கிறது.

தொழிற்சங்கங்களிடமும் நிறுவனங்களின் பணியாளர் பிரிவுகளிடமும் வைக்க வேண்டிய வேண்டுகோள் ஒன்று உண்டு. ஓய்வு பெறும் நாளில் தொழிலாளிக்குச் சால்வையோடு இஎஸ்ஐ ஓய்வூதியர் விண்ணப்பத்தையும், நிறுவனம் முத்திரையிட்ட ஓய்வுச் சான்றையும் சேர்த்துக் கொடுங்கள். முதலாண்டுக்கான 120 ரூபாயைச் சங்கமே கட்டட்டும். ஏற்கெனவே ஓய்வு பெற்றுவிட்ட தந்தையோ தாயோ வீட்டில் இருந்தால், அவர்களுடைய பழைய இஎஸ்ஐ எண்ணைத் தேடி எடுத்துக்கொண்டு இந்த மாதத்திலேயே கிளை அலுவலகத்திற்குச் செல்லுங்கள்.